மாத்திரையின் பவர் எப்போது இறங்குகிறது: 7 வருட அனுபவம்

பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்று உறுதியாகி எனக்கு 7 வருடம் ஆகிறது. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரைதான் அன்றிலிருந்து முக்கிய மருந்து. முதல் 3 வருடம் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. தினம் 3 வேளை. ஒரு வேளை தாமதமானாலும் உடம்புக்குத் தெரியாது.

நாலாவது வருடத்தில்தான் தகராறு ஆரம்பித்தது. காலை 7 மணிக்குப் போட்டால் 11 மணி வாக்கில் காரணமே இல்லாமல் மனம் பதறும். எதையோ மறந்துவிட்ட மாதிரி, யாரோ திட்டப்போகிற மாதிரி. கழுத்தில் வியர்க்கும். கை நடுங்கவில்லை, அதனால் மாத்திரையின் மேல் சந்தேகமே வரவில்லை. ஈசிஜி கூட எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. சரி, வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

நரம்பியல் மருத்துவர்தான் உடம்பு எப்படி இருக்கிறது என்று அரை மணிக்கு ஒரு வரி நோட்டில் எழுதச் சொன்னார். ஒரு வாரம் கழித்து நோட்டைப் புரட்டிய என் மனைவி, "என்னங்க, 11 மணி ஆனா எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கீங்க?" என்றாள். பார்த்தால் உண்மைதான். 9 மணி வரியில் எழுத்து கோட்டுக்குக் கோடு நிறைந்து நிற்கிறது. 11 மணி வரி போகப் போகச் சுருங்கி, கடைசி வார்த்தை கடுகளவு. அந்த வார்த்தை "பரவாயில்லை".

11 மணிக்கு மாத்திரையின் பவர் இறங்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனம் இந்த நோயில் மூளையில் குறைந்துவிடுகிறது; லெவோடோபா மூளைக்குப் போய் டோபமினாக மாறும். அது ரத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்பத்தில் மூளையில் மிச்சமிருக்கும் செல்கள் டோபமினைச் சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சமாளிக்கும். அந்தச் செல்கள் குறையக் குறைய மூளை அன்றாடங்காய்ச்சி ஆகிவிடுகிறது. நடுக்கத்துக்கு முன்னாலேயே பதற்றம், வியர்வை, அசதி, வலி, யோசனை மந்தமாவது என்றெல்லாம் வரலாம்.

மருத்துவர் வேளையை ஐந்தாகப் பிரித்தார். அப்புறம் லெவோடோபா சீக்கிரம் தீராமல் பார்த்துக்கொள்ளும் என்டகபோன் மாத்திரையைச் சேர்த்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம், ஒரு காலை முழுக்கப் பயந்துபோனேன். பலன் நன்றாகவே இருந்தது, ஆனால் தோள் தானாக நெளிய ஆரம்பித்தது. அதையும் பவர் இறங்குவது என்று நினைத்து நானாக ஒரு மாத்திரை கூடப் போட்டேன். அன்று நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிந்ததை மறக்க மாட்டேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் வரும் நெளிவு, மருந்து உச்சத்தில் இருப்பதால் வருவது. அடுத்த வேளை நெருங்கும்போது வரும் இறுக்கம்தான் இறங்குவது. இதை நோட்டிலிருந்த நேரங்கள்தான் காட்டிக்கொடுத்தன. அளவை நானாக மாற்றுவதை அதோடு விட்டேன்.

புரதம் நிறைந்த சாப்பாடும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்கு முண்டியடிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்கிறேன். மலச்சிக்கல் இருக்கும் நாளில் அப்படிப் போட்டாலும் மருந்து தாமதமாகத்தான் ஏறுகிறது.

போன் செயலியையும் 6 மாதம் பயன்படுத்தினேன். வேளை தவறாமல் மணியடிக்கும், அதற்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் எழுத்து சுருங்காதே.

இன்னும் சரியாகாதது விடியற்காலை. இரவு மருந்து முழுக்க இறங்கி, எழும்போது இடது கால் கட்டைவிரல் இறுகி வளைந்து கிடக்கிறது. செருப்புக்குள் கால் நுழைய முதல் மாத்திரை வேலை செய்ய வேண்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று இந்த வாரம் குறித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட.