"உண்மை வரலாறு" என்ற பேரில் வந்த புத்தகம்: என் 38 பவுண்ட் போனது

"பணத்தைத் திருப்பித் தர இயலாது" என்ற மின்னஞ்சல் இன்று காலை மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. ஆத்திரம் அடங்கவில்லை, இன்னொருவர் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரை, ஏ லெவலில் (பிரிட்டனில் பள்ளி மேல்நிலைப் படிப்பு) வரலாறு படிக்கும் என் மகளோடு சேர்ந்து பார்த்தேன். தன் எஜமானர் கார்டினல் வுல்சி பதவியிலிருந்து வீழ்ந்த பிறகு குரோம்வெல் கண்ணீர் விடும் காட்சி வந்தபோது, "இது நிஜமாகவே நடந்ததா அம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான், தொடரின் பின்னணி வரலாற்றைச் சொல்வதாக ஓர் இணையச் சந்தையில் விற்பனைக்கு இருந்த துணைநூலை 38 பவுண்ட் கொடுத்து வாங்கினேன்.

கெட்டி அட்டை, 300 பக்கங்கள், வண்ணப் படங்கள் என்று போட்டிருந்தார்கள். அக்கால ஓவியர் ஹோல்பைன் வரைந்த குரோம்வெல் ஓவியம் மாதிரிப் பக்கத்தில் பளிச்சென்று இருந்தது. அப்போதும் நான் அவசரப்படாமல், ஆதாரக் குறிப்புகள் உண்டா என்று விற்பவரிடம் கேட்டேன். "ஒவ்வொரு காட்சியையும் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டிருக்கிறோம்" என்று பத்து நிமிடத்துக்குள் பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

வந்தது 112 பக்கங்கள் கொண்ட மெல்லிய அட்டைப் புத்தகம். ஆசிரியர் பெயரும் இல்லை, பதிப்பகத்தின் பெயரும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சிட்ட தேதி, நான் பணம் கட்டியதற்கு மறுநாள். ஹோல்பைன் ஓவியம் சாம்பல் நிறத்தில், முகமே தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தது. உள்ளே இருந்ததோ தொடரின் கதைச்சுருக்கம்தான். ஆதாரம் என்று ஒரு வரிகூட இல்லை. லண்டனை அடுத்த பட்னியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவரின் மகனான குரோம்வெல்லைப் பிரபு குலத்தில் பிறந்தவர் என்கிறது. 1536 மே 19 அன்று ஹென்றியின் மனைவி ஆன் போலினின் தலையைக் கலே நகரிலிருந்து வரவழைக்கப்பட்டவர் வாளால் வெட்டினார் என்பது பதிவான வரலாறு. இந்தப் புத்தகம் கோடரி என்கிறது. என் மகள் அதை நம்பிக் கட்டுரையில் எழுதிவிட்டாள். ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு "ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருந்த தாளை அவள் என்னிடம் நீட்டியபோது எனக்குத் தாங்கவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு விடை நூலகத்தில் கிடைத்தது. வுல்சியின் பணியாளரான ஜார்ஜ் கேவெண்டிஷ், 1529இல் ஈஷர் மாளிகையின் ஜன்னலோரம் குரோம்வெல் கையில் ஜெபப் புத்தகத்தோடு அழுததை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். காரணம் கேட்டபோது, இதுவரை உழைத்துச் சேர்த்ததையெல்லாம் இழக்கப்போகிறேன் என்றாராம். அழுகை நிஜம், ஆனால் தன் கதியையும் நினைத்து அழுதிருக்கிறார். துணைநூல் என்றால் இதையல்லவா சொல்ல வேண்டும்!

புத்தகம் கைக்கு வந்த 19ஆம் நாள் புகார் செய்தேன். "வரலாற்றில் பல கருத்துகள் உண்டு" என்றார் விற்பவர். அடுத்த முறை, 14 நாள் தாண்டிவிட்டது என்றார். இணையச் சந்தையோ, புத்தகம் வந்து சேர்ந்துவிட்டதால் குறை எதுவும் இல்லை என்று என் புகாரை முடித்துவிட்டது. 300 பக்கத்துக்கு 112 பக்கம் அனுப்பியதும் கருத்து வேறுபாடா? 38 பவுண்ட் பெரிய தொகை இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள்; என் வீட்டில் 38 பவுண்டுக்குக் கணக்கு உண்டு.

வாங்குமுன் ஆசிரியர், பதிப்பகம் இரண்டின் பெயரையும் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விற்பவரின் பதிலைப் படமெடுத்து வையுங்கள். 14 நாள் என்பது காரணம் சொல்லாமல் ரத்து செய்வதற்கான கெடு. விவரித்தபடி பொருள் இல்லையென்றால், வணிகரிடம் வாங்கியதை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்க பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. கிரெடிட் கார்டில் வாங்கியதற்கு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குத்தான் என்பதால், என் 38 பவுண்டுக்காக வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.