வழியில் பஞ்சர்: டியூப்பை மாற்றுவதா, ஒட்டுவதா, டியூப்லெஸ்ஸுக்குப் போவதா?

நெடுந்தூரப் பயணத்தில் சைக்கிளை நிறுத்திவைக்கும் கோளாறுகளில் பஞ்சருக்குத்தான் முதலிடம். சமாளிக்க மூன்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விடாப்பிடியான ஆதரவாளர்களும் உண்டு. ஆனால் ஓட்டை ஏன் விழுந்தது என்று பார்க்காமல் சரிசெய்தால், எந்த வழியில் போனாலும் சில கிலோமீட்டரில் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

டயரைக் கழற்றும் முன், வால்வுக்கு நேராக டயரில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். டியூப்பில் ஓட்டை கிடைத்ததும், டயரில் எந்த இடத்தைத் தேடுவது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். ஓட்டை வெளிப்பக்கம் என்றால் முள், கண்ணாடி, அல்லது லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பி. இந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறம் துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் நூல் மாட்டும். ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் ரிம் டேப் (ரிம்மின் உள்ளே ஸ்போக் துளைகளை மூடும் பட்டை) விலகியிருக்கிறது. அக்கம்பக்கமாக இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள்.

வேகத்தில் டியூப் மாற்றுவதே முதலில் நிற்கும். பழகிய கைக்குப் பத்து நிமிடம். மழையிலும் இருட்டிலும் செய்யலாம். புது டியூப்பில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து உள்ளே விடுங்கள். டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறம் ஏற்றத் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்காது; அங்கே தொடங்கினால் கடைசியில் டயர் இறுகிக்கொள்ளும். ஆத்திரத்தில் லீவரைப் போட்டு நெம்பிப் புது டியூப்பையே கிழித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். காற்றடிக்கும் முன் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்தால், விளிம்புக்கு அடியில் சிக்கிய டியூப் விடுபடும்.

ஒட்டுவது செலவில்லாத வழி, ஆனால் பொறுமை கேட்கும். பேட்சைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு, பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். டியூப்பின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரம்பு அந்த இடத்தில் இருந்தால் அதையும் தேய்த்துச் சமன் செய்யாவிட்டால், காற்று அதன் ஓரமாகவே கசியும். சொல்யூஷனை மெல்லிதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை, சுமார் ஐந்து நிமிடம், காத்திருங்கள். ஈரத்தில் ஒட்டினால் பேட்ச் நழுவும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். சரியாகப் பிடித்த ஒட்டு டியூப்பின் ஆயுள்வரை நிற்கும். சொல்யூஷன் திறந்த சில மாதங்களில் காய்ந்துவிடும். திறக்காத ஒன்றும் பையில் இருக்கட்டும். சொல்யூஷன் தேவையில்லாத, உரித்து ஒட்டும் பேட்ச் சீக்கிரம் முடியும், ஆனால் தற்காலிகம்தான். டயருக்கு வெளியே காற்றடித்துச் சோதித்தால் டியூப் விரிந்து பேட்ச் கழன்றுவிடும். வால்வின் அடியில் கிழிந்த டியூப்பை எதைக்கொண்டும் ஒட்ட முடியாது.

டியூப் இல்லாமலே காற்று நிற்கும் டியூப்லெஸ் டயரில் சிறு முள் குத்தியதே தெரியாமல் போகலாம். உள்ளிருக்கும் சீலன்ட் என்ற பசைத்திரவம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அது அடைக்காத ஓட்டைக்குச் சக்கரத்தைக் கழற்றாமலே பிளக் (ரப்பர் திரி) குத்தலாம். முள் நிறைந்த மண்பாதையில், 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள டயரில் இதற்கு ஈடில்லை. சிக்கல், அது தோற்கும்போது தோற்கும் விதம். பக்கச்சுவர் கிழிந்தாலோ விளிம்பு ரிம்மைவிட்டு இறங்கினாலோ சாதாரணக் கைப்பம்பால் மறுபடி உட்காரவைப்பது கடினம். கடைசியில் டியூப்தான் போட வேண்டும். அப்போது வால்வு நட்டு கையால் கழலாமல் இறுகியிருக்கும், கையெல்லாம் பசை. சீலன்ட் அதுவரை அடைத்துவைத்த பழைய முட்கள் டயருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்காவிட்டால் புது டியூப் அடுத்த நிமிடமே போகும். சீலன்ட்டும் சில மாதங்களில் காய்ந்துவிடும். கிளம்பும் முன் நிரப்ப வேண்டும்.

எனவே தார்ச்சாலைப் பயணத்துக்கு எங்கள் தேர்வு: இரண்டு டியூப், ஒரு பேட்ச் பெட்டி. வழியில் மாற்றுங்கள், இரவு தங்குமிடத்தில் ஒட்டுங்கள். டியூப்லெஸ்காரர்களும் ஒரு டியூப்பை விட்டுவிட்டுப் போகக் கூடாது. பக்கச்சுவர் கிழிசலுக்கு, மூன்றிலுமே, பழைய டயரிலிருந்து விரல் நீளத்துக்கு வெட்டிய துண்டை உள்ளே வைத்தால் அடுத்த ஊர்வரை தாங்கும்.

காற்றுக்கு CO2 (கார்பன் டை ஆக்சைடு) குப்பியா, கைப்பம்பா? குப்பி நொடியில் நிரப்பும், ஆனால் ஒருமுறைதான். அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசிவதால் மறுநாள் டயர் தளர்ந்திருக்கும். நீண்ட பயணத்துக்குப் பம்ப்தான்.

பஞ்சர் தவிர, வழியில் செயின் அறுந்தால், கண்ணியிலிருந்து தள்ளிய ஆணியையே திரும்ப அடிப்பதா, குவிக் லிங்க் (செயின் முனைகளைச் சேர்த்துப் பூட்டும் தனிக் கண்ணி) போடுவதா என்பதில் குழப்பமே வேண்டாம். இக்கால மெல்லிய செயினில் திரும்ப அடித்த ஆணி பிடிக்காது. உங்கள் செயினின் ஸ்பீடுக்கு (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை) பொருந்தும் லிங்க்கை எடுத்துச் செல்லுங்கள். நெளிந்த கண்ணியை அகற்றச் செயின் டூலும் வேண்டும். கண்ணிகளைக் குறைத்துச் சேர்த்திருந்தால் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் போடாதீர்கள், செயின் இழுபட்டு, கியர் மாற்றும் டெரெய்லரை முறித்துவிடும்.