மருந்துப் பையா, இம்ப்ளான்ட் பெட்டியா?

பி.ஃபார்ம் முடித்துவிட்டு வேலூரில் வேலை தேடும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: மருந்துக் கம்பெனியில் மெடிக்கல் ரெப்பாகச் சேர்வதா, எலும்பு முறிவுக்கு வைக்கும் ப்ளேட், ஸ்க்ரூ, நெயில் (எலும்புக்குள் செருகும் கம்பி) போன்ற இம்ப்ளான்ட்களை விற்கும் ஆர்த்தோ லைனுக்கு வருவதா? நான் முதலாவதில் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தவன். என் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

ரெப் வேலையில் நாள் நம் கையில் இருக்கும். இன்று காட்பாடி, நாளை குடியாத்தம், அப்புறம் ஆம்பூர் என்று டூர் ப்ரோகிராம் முன்கூட்டியே வந்துவிடும். ஞாயிறு வீட்டில் இருக்கலாம். டார்கெட் தொல்லை இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் ரெப்புக்கு டாக்டர் தருவது ஓ.பி. முடிந்தபின் இரண்டு நிமிடம். ஆர்த்தோவில் சர்ஜனே நம்மைக் கூப்பிடுகிறார். வாலாஜா பக்கம் நெடுஞ்சாலையில் பைக் விபத்து, தொடை எலும்பு முறிவு என்றால், நெயிலும் அதற்கான கருவிகளும் அடங்கிய செட் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கம் ஆகி, கேஸ், அதாவது ஆபரேஷன், தொடங்கும்முன் தயாராக இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் நாம் எதையும் தொடக் கூடாது. தள்ளி நின்று, அடுத்து எந்தக் கருவி என்று நர்ஸுக்குச் சொல்வதுதான் வேலை. எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியில் பிடிக்கும் 4.5 மி.மீ. கார்ட்டிகல் ஸ்க்ரூவுக்குத் துளை போட 3.2 மி.மீ. ட்ரில் பிட், 3.5-க்கு 2.5, இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். கேஸ் முடிந்ததும் எந்த அளவில் எத்தனை ஸ்க்ரூ போனது என்று எண்ணி, பில் போட்டு, குறைந்ததை நிரப்பினால்தான் செட் அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்.

நான் இந்தப் பக்கம் நிற்பதற்குக் காரணமே இந்தத் தியேட்டர் பழக்கம்தான். கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும். ட்ரேயில் எது இல்லை என்று கேஸுக்கு முன்பே சொல்லிவிடுகிற ஆளைச் சர்ஜன் மறப்பதில்லை. பெட்டியில் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் போன் அவனுக்குத்தான் வரும். மருந்தில் அப்படி இல்லை. நான் விட்டுவந்த ஏரியாவில் அடுத்த வாரமே வேறொருவர் அதே மாத்திரையைப் பேசிக்கொண்டிருந்தார், விற்பனை ஒன்றும் குறையவில்லை.

மூட்டு மாற்று சிகிச்சைப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. கோபால்ட் குரோமியம் உலோக வகைக்கு அப்போது ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய். அதனால் அங்கே விலையை வைத்து ஆட்டம் காட்ட முடியாது என்பதுவரை சொல்லலாம்.

குறை என்றால் தூக்கம், அப்புறம் பாக்கி வசூல். இன்சூரன்ஸ் கேஸில் ஆஸ்பத்திரிக்குப் பணம் வந்தபிறகுதான் நமக்கு என்று இழுப்பார்கள். கல்யாணமானவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு வருவது நல்லது.

இம்ப்ளான்ட் டீலரிடம் வேலைக்குச் சேரும்முன் ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: செட்டில் காணாமல் போகும் ஸ்க்ரூ, உடையும் ட்ரில் பிட் யார் கணக்கு? சம்பளத்தில் பிடிப்போம் என்றால் வேறு டீலரைப் பாருங்கள்.