நான்கு வெனியர், ஏழு ஆண்டு: பல்லைச் சீவக் கொடுக்கும் முன்

மேல்வரிசையில் நான்கு முன்பற்களுக்கு செராமிக் வெனியர், அதாவது பல்லின் முகப்பை மூடும் ஓடு, ஒட்டி ஏழு ஆண்டு முடிகிறது. முதல் மாதமே எழுதியிருந்தால் இது வெறும் புகழ்ச்சி. மூன்றாம் ஆண்டில் எழுதியிருந்தால் புலம்பல். இரண்டும் ஓய்ந்தபின் எழுதுகிறேன்.

எனக்கு நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சந்து. அவற்றின் இருபுறமும் உள்ள பற்கள் பிறவியிலேயே குட்டை, நுனி கூம்பியிருக்கும். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பல் மருத்துவர் முதலில் வெனியரைச் சொல்லவே இல்லை. கிளிப் போட்டுச் சந்தை மூடிவிட்டு, குட்டைப் பற்களை மட்டும் கம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு வைத்து வளர்த்துக்கொள்ளலாம் என்றார். ஒன்றரை ஆண்டு ஆகும் என்றதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் சொன்ன வழிதான் சரியென்று இன்று படுகிறது. பல் வரிசை மட்டும்தான் உங்கள் குறை என்றால் கிளிப்பைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். கிளிப்பைக் கழற்றினால் உங்கள் பல் உங்களுக்கு முழுதாகத் திரும்பக் கிடைக்கும்.

வெனியரில் அது கிடையாது. அரை மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய ஓடு அது. அது துருத்தாமல் உட்கார வேண்டுமே என்று பெரும்பாலும் பல்லின் முகப்பில் 0.3 முதல் 0.7 மி.மீ. வரை சீவுவார்கள். பல்லின் கெட்டியான வெளிப்படலமான எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே போய்விடுகின்றன. அதனால் சீவியது சீவியதுதான், திரும்ப வளராது. நல்ல செராமிக் வெனியர் 10 முதல் 15 ஆண்டு வரை உழைக்கும் என்கிறார்கள். நான் ஒட்டிக்கொண்டபோது வயது 31. எண்பது வரை இருந்தால் குறைந்தது மூன்று தடவையாவது மாற்ற வேண்டிவரும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். நான் போட்டதோ ஒட்டி முடித்து வீட்டுக்கு வந்த இரவில். அடுத்த தடவைக்கான செலவும் இந்த முடிவுக்குள்ளேயே இருக்கிறது.

1920-களின் இறுதியில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்கு இப்படி ஓடு செய்து கொடுத்தார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், ஏனென்றால் நிரந்தரமாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்ற பல் மருத்துவர் எனாமலை அமிலத்தால் லேசாக அரித்துவிட்டால் ரெசின் என்ற பிசின் கெட்டியாகப் பிடிக்கிறது என்று காட்டினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான்: பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும், பசை அதற்குள் இறங்கி இறுகும். எனாமலுக்குக் கீழே உள்ள டென்டினில் இந்தப் பிடிப்பு அவ்வளவு நம்பகமாக இருப்பதில்லை. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சீவல் எனாமலுக்குள்ளேயே நிற்குமா?"

இரண்டாவது, "வெனியர்தானா, பல்லை முழுதாக மூடும் கேப்பா?" வெனியர் என்று பேசிவிட்டு, பல்லைச் சுற்றிலும் சீவிக் குச்சியாக்கி கேப் மாட்டிவிடும் இடங்களும் உண்டு. 2002-இல் வந்த ஓர் ஆய்வு முன்பற்களில் இதை அளந்து பார்த்தது. வெனியருக்கு, அதன் வடிவத்தைப் பொறுத்து, பல்லில் 3 முதல் 30 சதவீதம் வரை போகிறது. முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். பெரிய சொத்தையோ பழைய பெரிய அடைப்போ உள்ள பல்லுக்கு கேப்தான் பொருத்தம், அதில் தப்பில்லை. நல்ல பல்லைக் குச்சியாக்குவதுதான் கொடுமை.

நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் ஒத்திகை. அளவெடுத்து மெழுகில் புதுப் பற்களைச் செய்து, அந்த வடிவத்தைச் சீவும் முன்பே என் பல்லின்மேல் தற்காலிக ரெசினில் ஏற்றிக் காட்டினார் மருத்துவர். கண்ணாடியில் பிரமாதமாக இருந்தது. வாயைத் திறந்து பேசினேன், 'வ' வரவில்லை. மேல்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் அந்த ஒலி பிறக்கும். பல் நீண்டுவிட்டதால் உதட்டில் இடித்தது. 'ஸ' வந்தால் கூடவே விசிலும் வந்தது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து 'வவ்வால், வவ்வால்' என்று சொல்லச் சொல்ல அவர் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உதவியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். ஒத்திகைக்கு நேரமில்லை என்று சொல்கிற இடத்தில் பல்லைக் கொடுக்காதீர்கள்.

நிறம்தான் எல்லாரும் முதலில் கேட்பது, நானும் அப்படித்தான் கேட்டேன். செராமிக்கை பிற்பாடு ப்ளீச் செய்து வெளுக்க முடியாது. எனவே மற்ற பற்களை முதலில் ப்ளீச் செய்து, இரண்டு வாரம் விட்டு, அதன்பிறகுதான் நிறம் பார்த்து ஒட்டினார்கள். ப்ளீச் செய்த கையோடு ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. நிற அட்டையைப் பகல் வெளிச்சத்தில், உட்கார்ந்தவுடனே பாருங்கள். வாயை வெகுநேரம் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். நான் எடுத்தது அந்த அட்டையின் வெளிர் நிறங்களில் ஒன்றான ஏ1. அதைவிட வெள்ளையாக வேண்டுமென்று அடம்பிடித்தேன், நல்லவேளை அவர் மசியவில்லை. ஏழு ஆண்டில் பக்கத்துப் பற்கள் கொஞ்சம் பழுத்துவிட்டன, வெனியர் அப்படியே இருக்கிறது. இந்த வித்தியாசமே ஒரு கட்டத்தில் கண்ணை உறுத்தி, நடுவில் ஒருமுறை மற்ற பற்களை மட்டும் ப்ளீச் செய்துகொண்டேன்.

சீவியதற்கும் ஒட்டியதற்கும் இடையே இரண்டு வாரம் தற்காலிக ஓடு. வலி இல்லை, ஆனால் குளிர்ந்த நீர் பட்டால் சுரீர் என்று உச்சந்தலைவரை ஏறும். ஒரு ஓடு சாப்பாட்டோடு கழன்று வந்தது. சீவிய பல்லை அன்றுதான் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள் காலை எழுந்து நாக்கால் தடவினால் இடப்பக்க நடுப்பல்லின் ஓரம் சுரசுரவென்றது. துணுக்கு பெயர்ந்திருந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது. காலையில் தாடை வலி, கோரைப்பற்களின் கூர் மழுங்கியது என்று அடையாளங்கள் முன்பே இருந்தன. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெயர்ந்த இடத்தில் கம்போசிட் வைத்துப் பூசினார்கள். அந்த ஒட்டு நாளடைவில் மங்குகிறது, ஒவ்வொரு க்ளீனிங்கின்போதும் மெருகேற்றிக்கொள்கிறேன். அன்றிலிருந்து தினமும் பல்லின்மேல் மாட்டும் இரவுக் காப்பு போட்டுத்தான் தூங்குகிறேன். அதன்பிறகு இதுவரை உடைசல் இல்லை. பல் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் வெனியருக்கான செலவோடு இதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஈறு நோயோ சொத்தையோ இருந்தால் அது குணமான பிறகுதான் வெனியர் பேச்சு.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. ஓட்டுக்குச் சொத்தை வராது, அதன் ஓரத்தில் உள்ள என் பல்லுக்கு வரும். அதனால் தினமும் ஃப்ளாஸ், அதாவது பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்வது. கரிப்பொடி, சொரசொரப்பான வெண்மை பேஸ்ட் எதுவும் வேண்டாம், மெருகு போய்விடும். வேறு மருத்துவரிடம் போனால் வெனியர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். அமிலத்தன்மை உள்ள ஃப்ளூரைடு ஜெல்லும் செராமிக்கின் பளபளப்பைக் கெடுக்கும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தை விடத்தான் நாளாயிற்று.

சென்ற ஆண்டு வலப்பக்கக் குட்டைப் பல்லில் ஈறு ஒரு மயிரிழை மேலே ஏறிவிட்டது. ஓடு முடியும் இடத்தில் மெல்லிய கோடு தெரிகிறது. மாற்றிவிடலாமா என்று கேட்டேன். பழையதைக் கழற்றினால் அடியில் இருக்கும் எனாமலில் இன்னும் கொஞ்சம் போகும், பிடிப்பு நன்றாக இருக்கிறது, சொத்தையும் இல்லை என்றார் மருத்துவர். அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். சிரிக்கும்போது உதடு அந்த உயரத்துக்குப் போவதில்லை, கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது.