நாவல்பழம் கழுவிய தண்ணீரும் என் 1,260 ரூபாயும்

ஆன்லைனில் கலர் சக்குலென்ட் (தடித்த இலையில் தண்ணீர் சேர்த்துவைக்கும் செடி) வாங்கப் போகிறவர்கள், பணம் அனுப்பும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் 'பெர்ல் வான் நூரம்பெர்க்' மூன்று செடி கேட்டேன். எச்செவேரியா என்ற சக்குலென்ட் வகையில் இது ஒரு கலப்பினம். ஜெர்மனியில் உருவாக்கியது. தாமரை மாதிரி அடுக்கு, சாம்பலும் ஊதாவும் இளஞ்சிவப்பும் குழைந்த நிறம், மேலே திருநீறு தூவினது போல ஒரு வெண்பொடி. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். செடி 380, கூரியர் 120. "திருச்சி வெயிலுக்கு வருமா?" என்று கேட்டேன். "சூப்பரா வரும் சிஸ்டர்" என்றார். ஜிபே செய்துவிட்டேன்.

அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் ரீஃபண்ட் கிடையாது என்பது அவருடைய நிபந்தனை. மகள் போனைப் பிடித்துக்கொள்ள, நான் பிரித்தேன். மண் இல்லாமல் வேரோடு செய்தித்தாளில் சுற்றியிருந்தார். போட்டோவில் இருந்ததைவிட அடர்த்தியான ஊதா, ஆனால் வெண்பொடியைக் காணோம். கேட்டதற்கு, "வர்ற வழியில உரசிப் போயிருக்கும் சிஸ்டர்." தொட்டாலே அந்தப் பொடி போய்விடும் என்பது உண்மைதான். நம்பினேன்.

இந்த ஆளிடம் இதுதான் சிக்கல். சொன்னதெல்லாம் பாதி உண்மை. "இலை மேல தண்ணி படவே கூடாது, தட்டுல ஊத்துங்க" என்றார். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும், அதனால் அது நல்ல யோசனைதான். "கலர் மாறினா பயப்படாதீங்க, ஸ்ட்ரெஸ் கலர் அப்படித்தான்" என்றார். அதுவும் சரி. நல்ல வெயில், குளிர்ந்த இரவு, குறைவான தண்ணீர் இருந்தால் இலையில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு-ஊதா நிறமி கூடி நிறம் ஏறும். நிழலில் வைத்தால் மெல்ல பச்சைக்குத் திரும்பும். இதையெல்லாம் நான் ஏற்கெனவே படித்திருந்ததுதான் எனக்கு வினையாகப் போனது.

இரண்டு வாரத்தில் நடுவிலிருந்து வந்த புது இலைகள் சாம்பல் பச்சையாக இருந்தன. வெளி இலைகள் மட்டும் அதே ஊதா. போட்டோ அனுப்பினேன். "வெயில் பத்தல சிஸ்டர்." மார்ச் மாதத்துத் திருச்சியில் வெயில் பத்தவில்லையாம்! சரி என்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்தேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் எதிர்பாராமல் மழை. காலையில் போய்ப் பார்த்தால் தொட்டியடி வெள்ளைத் தட்டில் நாவல்பழம் கழுவின தண்ணீர் மாதிரி ஏதோ நிற்கிறது. ஈரப் பஞ்சை எடுத்து ஓர் இலையைத் துடைத்தேன். பஞ்சு ஊதாவானது, இலை சாம்பலானது. அடியில் இருந்தது சாதாரண கோஸ்ட் பிளான்ட், கிராப்டோபெட்டாலம் என்ற வேறொரு சக்குலென்ட். எங்கள் பக்கத்து நர்சரியில் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல செடிதான், எச்செவேரியாவைவிட வெயில் தாங்கும். அதற்குப் போய்ச் சாயம் பூசி, வெளிச்சம் இலைக்குள் போகவிடாமல் செய்து, மூன்றில் ஒன்று அடியிலை கொழகொழத்துச் செத்தும் போனது.

அன்று ராத்திரி அன்பாக்சிங் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். செய்தித்தாளின் உள்பக்கம் முழுக்க ஊதாத் தீற்றல். பிரிக்கும்போது இலைச்சாறு என்று நினைத்திருக்கிறேன். இந்தச் செடியின் சாறு ஊதாவாக இருக்காது என்று அப்போது தோன்றவே இல்லை. அவர் கேட்ட வீடியோவை அவருக்கே அனுப்பினேன். "48 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும்" என்று ஒரே வரி.

வாங்குமுன் வெயில் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ கேளுங்கள், அதில் நடுக்குருத்தையும் இலையின் அடிப்பகுதியையும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். இயற்கை நிறம் வெயில் படும் இடத்தில், விளிம்பில், தூக்கலாக இருக்கும். ஸ்ப்ரே அடித்தது எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருக்கும், இலை இலையை மறைக்கும் இடத்தில் மட்டும் விட்டுப்போயிருக்கும். செடி வந்த அன்றே ஒரே ஒரு வெளி இலையை ஈரப் பஞ்சால் துடையுங்கள். வெள்ளையாக வந்தால் பொடி, அது இருக்க வேண்டியதுதான். கலராக வந்தால் அப்போதே கத்துங்கள். இன்னொன்று, அசல் பெர்லே வந்திருந்தாலும் அதன் மூதாதைகள் மெக்சிகோ மேட்டுநிலத்துச் செடிகள். ராத்திரியும் குளிராத நம் கோடையில் அந்த நிறம் நிற்பது கஷ்டம். 'சூப்பரா வரும்' என்பதே பொய்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யப் போகிறேன் என்றதும் குரல் மாறியது. பணம் தரவில்லை, "ரெயின்போ எச்செவேரியா விதை ஃப்ரீயா அனுப்புறேன்" என்றார். கலப்பினத்தின் விதையை முளைக்கவைத்தால் தாய்ச்செடி மாதிரியே வராது, இலையிலிருந்தோ பக்கக் கன்றிலிருந்தோதான் எடுக்க வேண்டும். தவிர, எச்செவேரியா விதை மூக்குப்பொடி போல இருக்கும். கவரில் வந்தது பளபளவென்று கறுப்பு மணிகள். மாமியார் கண்ணாடியைப் போட்டு உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இது முளைக்கீரை விதைடி" என்றார்.

மறுநாளே 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. செத்த செடியின் தொட்டியில் மாமியார் அந்த விதையைத் தூவி வைத்தார். கீரை நாலு இலை விட்டிருக்கிறது.