பி.கே.எம் 1: ரசம் வைக்கிற வீட்டுக்கான தக்காளி

மாடியில் நான்கு பைகளுக்குத்தான் இடம், என்ன தக்காளி போடலாம் என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் பி.கே.எம் 1 என்று சொல்வேன். விளைச்சலில் அதை மிஞ்சும் ரகங்கள் உண்டு. ரசத்தில் அதை மிஞ்சியதை நான் இன்னும் சுவைக்கவில்லை.

மதுரையில் எங்கள் மொட்டைமாடியில் கார்த்திகைப் பட்டத்தில் மூன்று ரகங்களை வளர்த்தேன். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு என்று எல்லாப் பைக்கும் ஒரே கலவை.

அர்கா ரக்‌ஷக் பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு ரகம். இலைச் சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கியது. இலைச் சுருளைப் பரப்பும் வெள்ளை ஈ மொய்த்த வாரங்களிலும் அந்தச் செடி தளரவில்லை. பழம் 90 முதல் 100 கிராம். கெட்டியான சதை, சாறு குறைவு. பறித்து வெளியில் வைத்தாலும் பல நாள் விறைப்பாகவே இருக்கும். தொக்குக்கும் குருமாவுக்கும் அருமை. புளிப்பு மட்டும் போதவில்லை. ஒட்டு ரகம் என்பதால் அதன் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை, ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வாங்கவேண்டும்.

செர்ரி தக்காளி பிள்ளைகளுக்கு. கொடிபோல் ஏறிக்கொண்டே போகும். உயரமான பந்தல் இல்லாதவர்கள் விட்டுவிடலாம்.

பி.கே.எம் 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்தது. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றத்தால் பெற்றது. சற்றே தட்டையான உருண்டை. காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள். பழுக்கவில்லை என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள், அடிப்பாகம் சிவந்துவிட்டால் பறிக்கலாம். குறுக்கே அரிந்தால் அறை அறையாக விதையும் வழவழப்பான சாறும் ததும்பும், சதை கொஞ்சம்தான். கையால் பிசைந்தால் தோல் மட்டும் விரலில் தங்கும், மற்றதெல்லாம் கரைந்துவிடும். அந்தச் சாற்றில்தான் புளிப்பு இருக்கிறது. இதைப் போட்டு வைக்கும் ரசத்துக்குப் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

குறையையும் சொல்லவேண்டும். இலைச் சுருள் இதை எளிதில் பிடிக்கிறது. நாற்றுப் பருவத்திலேயே மஞ்சள் ஒட்டும் அட்டையைக் கட்டி, வேப்பெண்ணெய்க் கரைசலை வாரந்தோறும் தெளியுங்கள். சுருண்ட செடியை இரக்கம் பாராமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அடுத்த செடியாவது தப்பும்.

விதை வாங்கும் இடமும் முக்கியம். ஒரு கடையில் இதே பெயர் அச்சிட்ட பொட்டலத்தை வாங்கினேன். காய்த்ததோ முட்டை வடிவத்தில். மூன்று மாத உழைப்புக்குப் பிறகு இப்படி ஏமாறுவது கொடுமை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விற்பனை நிலையங்களில் வாங்குவதே நல்லது. இது ஒட்டு ரகமல்ல, ஒருமுறை நல்ல விதை கிடைத்துவிட்டால் பிறகு கவலையில்லை. நன்கு கனிந்த பழத்தின் சாற்றை விதையோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினால் அடுத்த பட்டத்துக்கு விதை தயார்.

சித்திரை வெயிலில் எந்த ரகத்திடமும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். இந்த ஆடிப்பட்டத்தில் எனக்கு மூன்று பையில் பி.கே.எம் 1, ஒரு பையில் ரக்‌ஷக்.