ஆலங்குளம் எறங்கு!

லண்டனில் முதியோர் வார்டில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். போன மாசியில் லீவுக்குத் திருநெல்வேலி போன நாலாம் நாள், அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 82 வயது. தனியார் மருத்துவமனை ஒன்றில் மறுநாளே ஆபரேஷன் முடிந்தது. அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஐ.சி.யூ.வில் அப்பா போர்வை நுனியை டிக்கெட்டாகக் கிழிக்கப் பார்த்தார். தென்காசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். "ஆலங்குளம் எறங்கு!" என்று ஒரே சத்தம். டிரிப்ஸைப் பிடுங்கியதும் பேண்டேஜ் துணியால் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். "வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார் சிஸ்டர். டியூட்டி டாக்டர் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்றே முடிவு கட்டிவிட்டார்.

போன வாரம் வரை பால் கணக்கை மனசிலேயே கூட்டியவர்! டிமென்ஷியா வருஷக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். ஒரே ராத்திரியில் வந்து, காலையில் தெளிந்து, சாயங்காலம் மறுபடி குழப்புவது டெலிரியம். பின்னால் ஏதோ காரணம் இருக்கும், தேடினால் பெரும்பாலும் அகப்படும். 1978லேயே சென்னைப் பெரியாஸ்பத்திரியில் முதியோருக்குத் தனிப் பிரிவு தொடங்கிய மாநிலத்தில் இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

காலையில் வந்த பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு 118, ரொம்பக் குறைவு. சிறுநீரில் கிருமி. சிறுநீர் டியூபை எடுத்து, தூக்க ஊசியை நிறுத்தினார். உப்பை வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்பதால் மெதுவாகத்தான் ஏற்றினார்கள்.

கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் முதல் நாளே பிளாஸ்டிக் பையில் போட்டு எங்களிடம் கொடுத்திருந்தார்கள். கண்ணும் தெரியாமல், காதும் கேட்காமல், ராப்பகல் லைட் எரியும் இடத்தில் கிடந்தால் யாருக்குத்தான் குழம்பாது? ஐ.சி.யூ.வில் பார்க்க விடுவதோ காலையும் மாலையும் பத்து பத்து நிமிஷம்.

ஐந்தாம் நாள் வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்கு மாற்றினார்கள். அங்கே அண்ணன் பாய் விரித்து ராத்திரி முழுக்கக் கூடவே படுத்துக்கொண்டான், யாரும் தடுக்கவில்லை. லண்டன் வார்டில் அதற்கு எவ்வளவு கெஞ்ச வேண்டும் தெரியுமா?

டெலிரியம் இருக்கிறதா என்று பார்க்க அங்கே இரண்டே நிமிஷத்தில் ஒரு சோதனை செய்வோம்: வயசு, பிறந்த தேதி, எந்த இடம், எந்த வருஷம், அப்புறம் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது. ஏழாம் நாள் அப்பாவிடம் கேட்டேன்.

"பங்குனி, மாசி, தை, மார்கழி..." என்று தடங்கலில்லாமல் வந்தவர் ஆடி, ஆனியில் நின்றுவிட்டார். எனக்குப் பக்கென்றது.

"குத்தால சீசன்லா. பஸ்ஸுல நிக்க எடம் இருக்காது" என்றார். அப்புறம் வைகாசி, சித்திரை.